கயலுக்கு எந்த வகுப்பு?

அன்புள்ள செல்வம்,

அம்மாவின் முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை வருகிறார். ஹூஸ்டன் வெயில் கொஞ்சம் தணிந்ததும் தெருமுனை வரை கூட்டிப்போக வேண்டும்.

கயலுக்கு 21 ஆகிவிட்டது என்பதை நம்பவே முடியவில்லை. ஆஸ்டினில் லேப் முடித்து ராத்திரி தனியாக வருவதால் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ள விரும்புகிறாள், எந்த வகுப்பில் சேர்க்கலாம் என்று கேட்டிருந்தாய். என் மகன் கற்றுக்கொண்டபோது நானும் கூடவே உட்கார்ந்து படித்தவன் என்பதால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

2021 செப்டம்பரிலிருந்து டெக்சாஸில் 21 வயதானவர்கள், சட்டப்படி தடை ஏதும் இல்லையென்றால், லைசென்ஸ் இல்லாமலே எடுத்துச் செல்லலாம். அப்புறம் வகுப்பு எதற்கு என்று பலர் சொல்வார்கள். கேட்காதே. அரசுப் பல்கலைக்கழக வளாகத்துக்குள் மறைத்து எடுத்துச் செல்ல 2016 முதல் அனுமதி உண்டுதான், ஆனால் லைசென்ஸ் உள்ளவர்களுக்கு மட்டும். கயல் நாள் முழுக்க இருப்பதே அங்கேதான்.

ஆனால் லைசென்ஸ் வகுப்பை மட்டும் நம்பி அவளை அனுப்பாதே. அது நாலு முதல் ஆறு மணி நேரப் பாடம், ஒரு எழுத்துத் தேர்வு, பிறகு 3, 7, 15 கஜத் தொலைவில் மொத்தம் 50 தோட்டா சுடுவது. 250க்கு 175 மதிப்பெண் வாங்கினால் பாஸ். இலக்கு அசையாமல் நிற்கும். ஹோல்ஸ்டரிலிருந்து, அதாவது இடுப்பில் மாட்டும் துப்பாக்கி உறையிலிருந்து, உருவச் சொல்ல மாட்டார்கள். முதல்முறை துப்பாக்கியைத் தொடும் பிள்ளை அங்கே போனால் பாஸாகிவிடும், பழக்கம் மட்டும் வந்திருக்காது.

முதலில் ஒரு ஆரம்ப வகுப்பில் சேர்த்துவிடு. ரேஞ்சில், அதாவது சுட்டுப் பழகும் இடத்தில், வாடகைக்குக் கிடைக்கும் சின்ன 22 காலிபர் துப்பாக்கியில் தொடங்கட்டும். சத்தமும் உதைப்பும் குறைவு, கை நடுங்காது. லைசென்ஸ் அதற்குப் பிறகு. மூன்றாவதாக ஹோல்ஸ்டர் வகுப்பு. அது முடியும்வரை அவள் வெளியே எடுத்துப்போக வேண்டாம். உடையை விலக்கி, விரல் விசையில் படாமல் உருவி, திரும்பப் பத்திரமாக வைப்பதில்தான் பலர் தங்கள் காலிலேயே சுட்டுக்கொள்கிறார்கள்.

பயிற்சியாளரைப் பார்க்க நீயே ஒருமுறை போ. ஒருவருக்கு எத்தனை மாணவர்கள், பாடம் நடக்கும் அறைக்குள் தோட்டா வருமா என்று கேள். லைசென்ஸ் பாடத்திட்டத்திலேயே சண்டையை வளர்க்காமல் பேசி முடிப்பது பற்றி ஒரு பகுதி இருக்கிறது. அதை ஐந்து நிமிடத்தில் தாண்டிவிட்டு வீரக்கதை சொல்பவராக இருந்தால் எழுந்து வந்துவிடு. என் மகனுக்கு வாய்த்தவர் ஒரு மத்தியானம் முழுக்க எப்போது உருவக் கூடாது, எப்படி விலகிப்போவது என்பதையே சொல்லிக்கொடுத்தார். போலீஸ் காரை நிறுத்தினால் இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் வைத்து, துப்பாக்கி இருப்பதை முதலில் நிதானமாகச் சொல்லவும் பழக்கினார். நம் நிறத்துப் பிள்ளைகளுக்கு இது ரொம்ப அவசியம்.

இன்னொன்று, இதைச் சொல்லாமல் விட முடியவில்லை. இந்த நாட்டில் துப்பாக்கியால் நேரும் மரணங்களில் பாதிக்கும் மேல் தற்கொலைகள். கயல் தைரியமான பெண், எனக்குத் தெரியும். ஆனாலும் படிப்பின் அழுத்தம், காதல், தனிமை எல்லாம் சேரும் வயது. பூட்டும் சிறு பெட்டி ஒன்றை துப்பாக்கிக்கு முன்பே வாங்கிக்கொடு. அறைத்தோழிகளுக்கு அதன் சாவியோ எண்ணோ தெரியக் கூடாது. மனசு சரியில்லாத காலத்தில் அதை உன் வீட்டில் கொண்டுவந்து வைத்துவிடலாம் என்று இப்போதே இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

உன் அக்கா மகன் மாணவர் விசாவில் வந்து உங்களுடன்தானே இருக்கிறான்? வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் தவிர, விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பது மத்திய சட்டப்படி குற்றம். விளையாட்டாகக்கூட அவன் கையில் கொடுக்க வேண்டாம் என்று கயலிடம் சொல்லிவை.

எந்தச் சனிக்கிழமை தோது என்று எழுது. நான் ஆஸ்டினுக்கு வருகிறேன், ரேஞ்சுக்கு மூவரும் சேர்ந்தே போகலாம். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ராகவன்