குளிர்த் தண்ணீர் உடுப்புகளைப் பொதுவில் வாங்குவோம்: ஸ்லாலம் ஸ்கீ குழுவின் நன்கொடை வேண்டுகோள்

அன்பான உறவுகளுக்கு வணக்கம்.

ஒன்ராறியோவில் நம்மோடு சேர்ந்து ஸ்லாலம் நீர்ச்சறுக்கு (படகு கயிற்றால் இழுக்க, ஒற்றை ஸ்கீயில், அதாவது சறுக்குப் பலகையில் நின்று மிதவைகளைச் சுற்றி ஓடுவது) பழகுபவர்களுக்காகக் குழு இந்த ஆண்டு ஒரு வேலையைக் கையில் எடுத்திருக்கிறது. குளிர்த் தண்ணீரில் இறங்கத் தேவையான உடுப்புகளையும் இரண்டு பழகு ஸ்கீகளையும் எல்லோருக்கும் பொதுவாக வாங்கி வைக்கப் போகிறோம். மொத்தச் செலவு 5,000 டொலர். குழுவில் இருப்பவர்கள் தங்களுக்குள் 1,400 டொலர் போட்டுவிட்டார்கள். மீதி 3,600 டொலருக்காக உங்களிடம் வருகிறோம்.

ஏன் உடுப்பு, ஏன் புதிய ஸ்கீ இல்லை என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஏப்ரலில் ஏரியின் பனி போய்விடுகிறது. விக்ரோறியா தின விடுமுறைக்குக் கரையில் ரீசேட்டோடு நிற்கலாம், ஆனால் தண்ணீரில் குதித்தால் மூச்சு அடைக்கும். நம் ஏரியில் மே நடுப்பகுதியில் 11, 12 பாகை செல்சியஸ்தான் இருக்கும். சொந்தமாக ட்ரைசூட் (தண்ணீர் உள்ளே புகாத முழு உடுப்பு) வைத்திருப்பவர்கள் அப்போதே ஓடத் தொடங்கி, நன்றி நவிலல் நாள் தாண்டியும் ஓடுகிறார்கள். வைத்திராத பிள்ளைகளுக்கு ஜூலையும் ஓகஸ்டும் மட்டுமே.

இரண்டு மாதத்தில் ஒற்றை ஸ்கீயில் எழும்பி நிற்கப் பழகலாம். ஸ்லாலம் பாதையைப் பழக அது போதாது. 259 மீற்றர் நீளத்தில், படகு நேராகப் போகும் கோட்டிலிருந்து இரு பக்கமும் மாறி மாறி 11.5 மீற்றர் தள்ளி ஆறு மிதவைகள். பாதையின் தொடக்கத்தில் இரண்டு மிதவைகளுக்கு நடுவே இருக்கும் வாயிலுக்குள் சரியான நேரத்தில் புகுந்து, ஆறையும் வெளிப்பக்கமாகச் சுற்றி, கடைசி வாயிலால் வெளியே வர வேண்டும். முழுதாகச் சுற்றினால் அடுத்த ஓட்டத்தில் படகின் வேகத்தைக் கூட்டுவார்கள். பெண்களுக்கு மணிக்கு 55, ஆண்களுக்கு 58 கிலோமீற்றர் என்ற உச்ச வேகத்தை எட்டிய பிறகு கயிற்றைக் குறுக்கிக்கொண்டே போவார்கள். 18.25 மீற்றர், 16, 14.25 என்று இறங்கி, உலகத் தரத்தில் ஓடுபவர்கள் 10.25க்கும் கீழே போகிறார்கள். அதாவது மிதவைக்கு இருக்கும் தூரத்தைவிடக் கயிறு குறைவு, உடம்பை நீட்டித்தான் எட்ட வேண்டும். இந்த நேரக்கணக்கு உடம்பில் பதிய வாரா வாரம் ஓட வேண்டும். பத்து மாத இடைவெளி விட்டால் ஒவ்வொரு கோடையும் முதலிலிருந்துதான்.

சரி, வெற்சூட் (நியோப்ரீன் என்ற இறப்பர் நுரையால் ஆன இறுக்கமான உடுப்பு) மலிவுதானே, அதை வாங்கலாமே? யோசித்தோம். வெற்சூட்டில் சூட்டைக் காப்பது நியோப்ரீனுக்குள் இருக்கும் நுண்ணிய வாயுக் குமிழ்கள்தான்; உடம்புக்கும் அதற்கும் நடுவில் புகும் மெல்லிய தண்ணீர்ப் படலம் நம் சூட்டில் வெதுவெதுப்பாகி அங்கேயே தங்க வேண்டும். தொளதொளவென்று இருந்தால் ஒவ்வொரு விழுகைக்கும் புதுக் குளிர்த் தண்ணீர் உள்ளே பாயும். எனவே அது அவரவர் அளவுக்கு இறுக்கமாக இருக்க வேண்டும், பலர் மாற்றிப் போட முடியாது. கைப்பகுதி தடிப்பாக இருந்தால் முன்கையும் சீக்கிரம் களைக்கும். ஸ்கீக்கான ட்ரைசூட் அப்படியில்லை. தொளதொளப்பான நீர்புகாத் துணி, கழுத்திலும் மணிக்கட்டிலும் கணுக்காலிலும் மட்டும் இறுக்கிப் பிடிக்கும் பட்டி. மூன்று அளவுகளில் ஐந்து வாங்கினால் பதினான்கு வயதுப் பிள்ளையிலிருந்து பெரியவர் வரை எல்லோரையும் சமாளிக்கலாம். பொதுவில் வாங்குவதற்கு ஏற்றது இதுதான் என்று முடிவெடுத்தோம்.

பொதுப் பொருள் என்பதால் பாவிக்கும் விதத்தையும் இப்போதே சொல்லிவிடுகிறோம். மோதிரம், கைக்கடிகாரம், காதணி கழற்ற வேண்டும். நகம் வெட்டியிருக்க வேண்டும். கழுத்துப் பட்டி மெல்லிய லேற்றெக்ஸ், விரல் நுனியால் இழுத்தால் கிழியும். நான்கு விரல்களையும் தட்டையாக உள்ளே விட்டு அகட்டித் தலையை நுழைக்க வேண்டும். ஒருவர் உதவிக்கு நிற்பது நல்லது. உள்ளே பருத்தி வேண்டாம், வியர்வையில் நனைந்து குளிரும். மெல்லிய கம்பளி அல்லது ஃபிளீஸ் போடுங்கள். சிப் பூட்டியதும் குந்தி இருந்து, கழுத்துப் பட்டியை ஒரு விரலால் சற்று விலக்கினால் உள்ளே இருக்கும் காற்று புஸ்ஸென்று வெளியேறும். இதை விட்டுவிட்டுக் குதித்தால் காற்று காலுக்கு ஏறி, தலையைவிடக் கால் மேலே மிதக்கும். ஓடி முடிந்ததும் நன்னீரில் கழுவி நிழலில் காயவிட வேண்டும். வெயிலும் சன்ஸ்கிரீன் எண்ணெயும் லேற்றெக்ஸை அரித்துவிடும்.

ட்ரைசூட் கிழிந்தால் தண்ணீர் உள்ளே வரும் என்பதால் அதற்கு மேல் உயிர்காப்பு மேலங்கி கட்டாயம். போட்டிக்காரர் போடும் மெல்லிய வகைகள் பலவற்றுக்குக் கனடா போக்குவரத்துத் துறையின் அங்கீகாரம் கிடையாது. நாங்கள் வாங்குவது அங்கீகார முத்திரை உள்ளவை மட்டுமே. இதில் விட்டுக்கொடுப்பு இல்லை.

பெற்றோருக்கு ஒரு விடயம். குளிர்த் தண்ணீரில் விழுந்தவருக்கு என்ன நடக்கும் என்பதை மனிற்றோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ற் 1-10-1 என்று சுருக்கித் தந்திருக்கிறார். மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர ஒரு நிமிடம், கைகால் நினைத்தபடி இயங்கப் பத்து நிமிடம், குளிரால் நினைவு தப்புவதற்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். விழுந்தவரை அந்த முதல் நிமிடத்தில் யாரும் அவசரப்படுத்தக் கூடாது. ஆனால் படகு உடனே திரும்ப வேண்டும். ஓட்டுநரைத் தவிரக் கண்காணிப்பவர் ஒருவர் படகில் இருக்க வேண்டும் என்பது சட்டம். இழுபடுபவருக்குப் படகில் ஓர் இருக்கை காலியாக இருப்பதும் சட்டம். குளிர்மாதங்களில் அந்தக் கண்காணிப்பாளர்தான் அதிகம் நடுங்குவார், அசையாமல் காற்றில் இருப்பதால். அவருக்குக் கம்பளித் தொப்பியும் தடித்த ஜாக்கெட்டும் வேண்டும்.

குதிக்க முன் கரையில் பத்து நிமிடம் உடம்பைச் சூடாக்குங்கள், குறிப்பாகத் தொடையின் பின்தசையை. முதல் ஓட்டத்தில் கயிறு நீளமாகவும் வேகம் குறைவாகவும் இருக்கட்டும். ஒரு குடுவை சுடுதண்ணீர் கொண்டு போய், ஆறவிட்டு வெதுவெதுப்பாக ஸ்கீயில் பொருத்தியிருக்கும் பூட்ஸுக்குள் ஊற்றினால் இறப்பர் இளகிக் கால் இலகுவாக நுழையும். தடித்த கையுறை வேண்டாம், பிடி வழுகும். மெல்லிய உள்ளுறைக்கு மேல் வழமையான ஸ்கீ கையுறை போதும். சிறிய கை உள்ளவர்களுக்கென்று மெல்லிய பிடியுள்ள கைபிடிகளும் பட்டியலில் உண்டு. இன்னொன்று: 10 பாகைத் தண்ணீரின் பிசுக்குமை (ஓட்டத்தைத் தடுக்கும் தன்மை) 25 பாகைத் தண்ணீரைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. ஸ்கீ வேறு மாதிரி நடக்கும். மே மாதத்தில் ஃபின்னை (ஸ்கீயின் அடியில் இருக்கும் சிறு துடுப்பை) கழற்றித் திருத்தாதீர்கள், ஜூலையில் மறுபடியும் மாற்ற வேண்டி வரும்.

ஸ்கீயைப் பொறுத்தவரை புதிய போட்டி ரகம் பைண்டிங்கோடு (காலைப் பூட்டும் அமைப்போடு) 2,000 டொலரை இலகுவாகத் தாண்டும். பழகுபவர்களுக்கு அது தேவையே இல்லை. நல்ல நிலையில் இருக்கும் அகலமான பழைய ஸ்கீகள் இரண்டு, 65 அங்குலத்தில் ஒன்றும் 67 அங்குலத்தில் ஒன்றும் போதும். முன்னால் கயிறு கட்டும் பூட்ஸ், பின்னால் வெறும் கால்பட்டி. பல அளவுக் கால்களுக்கும் பொருந்தும். ஆனால் முன்பூட்ஸை அளவுக்கு மீறி இறுக்கக் கூடாது, விழும்போது ஒரு கால் மட்டும் கழன்றால் கணுக்கால் முறுகும்.

கணக்கு இதுதான். ட்ரைசூட் ஐந்து 2,750 டொலர், மேலங்கி ஐந்து 550, ஸ்கீ இரண்டு 900, கையுறையும் கைபிடியும் 400, மாற்றுப் பட்டிகள், பசை, சிப் மெழுகு 250, உள் உடுப்பும் சுடுதண்ணீர்க் குடுவையும் 150.

20 டொலரும் உதவிதான், 550 டொலர் தந்தால் ஒரு முழு உடுப்பு. நாம் பதிவு செய்த தொண்டு நிறுவனம் இல்லை, ஆகவே வரிக்கழிவுப் பற்றுச்சீட்டு தர முடியாது. பெற்ற காசுக்குக் குழுவின் பற்றுச்சீட்டு தருவோம், வாங்கிய ஒவ்வொரு பொருளின் விலைச்சீட்டையும் வற்ஸ்அப் குழுவில் போடுவோம். இன்டராக் மூலம் அனுப்புபவர்கள் பொருளாளரிடம் விபரம் கேளுங்கள். காசாகத் தருபவர்கள் செயலாளரின் கையில் மட்டும் கொடுங்கள்.

கராஜில் பழைய ஸ்கீ, கைபிடி, நல்ல நிலையில் ட்ரைசூட் வைத்திருக்கும் அண்ணாமார், அக்காமார் அவற்றையே தரலாம். அந்த அளவு காசை பட்டியலிலிருந்து கழித்துவிடுவோம். வெடிப்பு விழுந்த ஸ்கீயும் அங்கீகார முத்திரை அழிந்த மேலங்கியும் மட்டும் வேண்டாம். மார்ச் 31க்குள் கிடைத்தால் ஏப்ரலில் வாங்கி, அளவு பார்த்து, மே முதல் சனிக்கிழமை படகு இறக்கும்போது உடுப்புகள் தயாராக இருக்கும்.

அன்புடன்,
ஸ்லாலம் ஸ்கீ குழுவினர்