வார்டில் மூச்சு வாங்கும் ஆச்சியும் நம் நர்சிங் பிள்ளைகளும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் மருத்துவப் பக்கத்தில் மூச்சுத்திணறல் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான், ஆனால் முழுக்க சிகரெட்டைச் சுற்றியே நின்றுவிட்டது. காரைக்குடிப் பக்கம் வார்டில் வேலை பார்த்துக்கொண்டே, போஸ்டிங் வரும் நர்சிங் மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள் நான். எனக்கு இதில் ஒரு கவலை இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நம் பிள்ளைகள் ஆஸ்துமா, சி.ஓ.பி.டி. (புகை, தூசியால் மூச்சுக்குழாய் நாள்பட அடைத்துக்கொள்ளும் நோய்), பிராங்கியெக்டாசிஸ் (மூச்சுக்குழாய் நிரந்தரமாக விரிந்து சளி தேங்கும் நோய்) என்று மூச்சுக்குழாய் அடைக்கும் நோய்களை எல்லாம் பரீட்சைக்கு வரும் பெரிய கேள்வியாக நினைத்து மனப்பாடம் செய்கிறார்கள். காரணம் இத்தனை, அறிகுறி இத்தனை, கவனிப்பு இத்தனை என்று நிறுத்தாமல் ஒப்பிக்கவும் செய்கிறார்கள். கட்டிலில் ஒருவர் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது மட்டும் அந்தப் பட்டியல் கை கொடுப்பதில்லை.

ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக வரும். இந்த நோய்களில் காற்று எப்படியோ உள்ளே போய்விடுகிறது, வெளியே வருவதில்தான் அத்தனை பாடும். மூச்சை இழுக்கும்போது நெஞ்சு விரிவதால் மூச்சுக்குழாய்களும் சற்று விரிந்து கொடுக்கும், விடும்போது கொஞ்சம் சுருங்கும். இது எல்லோருக்கும் நடப்பதுதான். ஏற்கெனவே உள்சுவர் வீங்கி, சளி அடைத்து, தசை இறுகிக் கிடக்கிற குழாய் அந்த நேரத்தில் இன்னும் ஒடுங்கிப்போகிறது. சி.ஓ.பி.டி.யில் ஒரு வகையான எம்ஃபிசீமாவில் காற்றுப்பைகளின் சுவரே அழிந்துவிடுவதால் குழாயைச் சுற்றி நின்று இழுத்துப் பிடிக்க எதுவும் இல்லை, அது அமுங்கியே விடுகிறது. பழைய காற்று உள்ளே தங்கிவிட்டால் புதுக்காற்றுக்கு இடம் ஏது? நோயாளி என்னவோ "மூச்சு உள்ள போக மாட்டேங்குது" என்றுதான் சொல்வார்.

இதை வாயால் சொன்னால் ஏறாது. இளநீர்க் கடையில் தருகிற உறிஞ்சுகுழலை ஆளுக்கு ஒன்று கொடுத்து, மூக்கால் இழுங்கள், குழல் வழியாக மட்டும் விடுங்கள், முழுக்க விட்டு முடிப்பதற்குள் அடுத்த மூச்சை இழுங்கள் என்பேன். (ஆஸ்துமா உள்ள பிள்ளைகளை இதில் சேர்ப்பதில்லை, மற்றவர்களையும் ஒரு நிமிடத்துக்கு மேல் விடுவதில்லை.) சில மூச்சிலேயே நெஞ்சு புடைத்துக்கொண்டு, தோள் இரண்டும் மேலே ஏறி, குழலைப் பிடுங்கிப் போட்டுவிடுவார்கள். அப்புறம் கேட்டுப் பாருங்கள். நெஞ்சு ஏன் பீப்பாய் மாதிரி ஆகிறது, ஏன் முன்னால் குனிந்து முழங்காலில் கையூன்றி உட்காருகிறார்கள், வயிறு முட்டச் சாப்பிட்டால் ஏன் இன்னும் திணறுகிறது, எல்லாவற்றுக்கும் அவர்களே பதில் சொல்வார்கள். உதட்டைக் குவித்து மெதுவாக ஊதச் சொல்வதும் இதற்குத்தான்: அப்படி ஊதும்போது குழாய்க்குள் கொஞ்சம் அழுத்தம் நிற்கும், குழாய் அமுங்காமல் திறந்திருக்கும், தங்கிய காற்று வெளியேறும்.

ஸ்பைரோமெட்ரி என்றால் பிள்ளைகள் பயப்படுகிறார்கள், பயப்பட அதில் ஒன்றும் இல்லை. முழு மூச்சு இழுத்து வேகமாக ஊதித் தள்ளும் மொத்தக் காற்றில் முதல் விநாடியிலேயே எவ்வளவு வந்தது என்று பார்க்கிறோம். குழாயை விரிக்கும் மருந்து கொடுத்த பிறகும் அது 70 சதவீதத்துக்குக் கீழேயே நின்றால் சி.ஓ.பி.டி. என்று யோசிக்க வேண்டும், ஆஸ்துமாவில் பெரும்பாலும் மருந்துக்குப் பின் நன்றாக ஏறிவிடும்.

இனி புகை விஷயம். கேஸ் ஷீட்டில் "புகைப் பழக்கம்: இல்லை" என்று ஒரு வரி இருக்கும். எங்கள் ஊர்ப் பெண்களிடம் "சிகரெட் பிடிப்பீங்களா?" என்று கேட்டால் வேறு என்ன பதில் வரும்? ஒருமுறை அப்படி எழுதியிருந்த ஓர் ஆச்சியின் கட்டிலுக்கு ஒரு மாணவியை மறுபடி அனுப்பி, "ஆச்சி, என்ன வேலை பாத்தீங்க? எதுல அடுப்பெரிச்சீங்க?" என்று மட்டும் கேட்கச் சொன்னேன். கல்யாண வீடுகளுக்குப் பலகாரம் சுடப் போனவராம். முறுக்கு, தேன்குழல், அதிரசம் என்று காலையில் அடுப்பு மூட்டினால் இருட்டும் வரை அணைக்காத வேலை, விறகு எல்லாம் சீமைக்கருவேலம், தட்டிப் பந்தலுக்குள் புகை போக வழி கிடையாது. வீட்டுக்கு வந்தால் அங்கேயும் விறகடுப்பு. அந்தப் பிள்ளை திரும்பி வந்து என்னிடம் சொன்னபோது குரலே மாறியிருந்தது.

சிகரெட்டுக்கு ஒரு நாளைக்கு எத்தனை, எத்தனை வருடம் என்று கணக்குப் போடுகிறோம் அல்லவா, அதே மாதிரி அடுப்படியில் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், எத்தனை வருடம் என்று பெருக்கி எழுதினால் என்ன? ஒரு பைசா செலவில்லை. மத்திய அரசின் இலவச கேஸ் இணைப்புத் திட்டம் 2016இல் வந்தது, நல்ல விஷயம், ஆனால் அதற்கு முன் ஊதுகுழலோடு கழிந்த காலம் நுரையீரலை விட்டுப் போய்விடாது. அதோடு புதுவயல் பக்கத்து அரிசி ஆலைகளில் உமித்தூசியில் நிற்பவர்களையும், கருவேலங்கட்டையில் கரிமூட்டம் போடுகிறவர்களையும், எப்போதோ டி.பி. வந்து முழுக்க மாத்திரை சாப்பிட்டுக் குணமானவர்களையும் கேள்விக்குள் கொண்டுவர வேண்டும். டி.பி. குணமானாலும் அது விட்டுப்போன தழும்பால் பிற்காலத்தில் குழாய் அடைப்பு வரலாம்.

ஆக்சிஜன் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அன்போடு செய்கிற தவறு இதில்தான் அதிகம். "இன்னுங் கொஞ்சம் கூட்டி வைங்க சிஸ்டர்" என்று உறவினர்கள் கெஞ்சுவார்கள், ஆக்சிஜன் ஓடும் அளவைக் காட்டும் மானியில் இருக்கிற பந்து மேலே ஏறினால் அவர்களுக்கு நிம்மதி. கரியமில வாயு தேங்கும் நிலையில் உள்ள சி.ஓ.பி.டி. நோயாளிக்கு அளவுக்கு மீறி ஆக்சிஜன் போனால் அந்த வாயு இன்னும் ஏறி, ஆள் மயக்கமாகத் தூங்கிப்போவார், தலைவலி என்பார், கையை நீட்டச் சொன்னால் படபடவென்று ஆடும். "அப்பாடா, தூங்கிட்டாரு" என்று விட்டுவிடக் கூடாது. அவர்களுக்கு விரலில் மாட்டும் கருவியில் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு 88 முதல் 92 சதவீதம் வரை இருந்தால் போதும், 99க்குக் கொண்டுபோக வேண்டியதில்லை. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் ஆம்புலன்ஸில் வந்த, சி.ஓ.பி.டி. என்று கருதப்பட்ட நோயாளிகளிடம் செய்த ஆய்வு 2010இல் வெளியானது. ஆக்சிஜனை அள்ளிக் கொடுத்தவர்களில் 9 சதவீதம் பேர் இறந்தார்கள், அளந்து கொடுத்தவர்களில் 4 சதவீதம் பேர். இதைக் கேட்டுவிட்டு, 80இல் நீலம் பாரித்துக் கிடப்பவருக்கு ஆக்சிஜன் வைக்கவே பயப்படும் மாணவியும் உண்டு. அது அதைவிட ஆபத்து. கொடுக்க வேண்டும், அளந்து கொடுக்க வேண்டும், பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

இன்னொன்று, கடும் ஆஸ்துமாவில் விசில் சத்தம் திடீரென நின்றால் சரியாகிவிட்டது என்று நினைக்கக் கூடாது. காற்றே நகரவில்லை என்று அர்த்தமாக இருக்கலாம். ஓடிப்போய் டாக்டரைக் கூப்பிட வேண்டிய நேரம் அது.

கடைசியாக இன்ஹேலர். பம்பு பழகினால் விட முடியாது என்ற பயம் இங்கே வீட்டுக்கு வீடு இருக்கிறது. அந்தப் பயத்தைத் தாண்டி வாங்கினாலும் முறை தெரிவதில்லை. பொடி மருந்துக் கேப்சூலைத் தண்ணீர் ஊற்றி விழுங்குகிறவர்கள் இன்றும் உண்டு. ஸ்பிரே வகையை மெதுவாக, ஆழமாக இழுத்து 10 விநாடி அடக்க வேண்டும், பொடி வகையை வேகமாக, பலமாக இழுக்க வேண்டும். இரண்டையும் மாற்றிச் செய்தால் மருந்து நாக்கிலும் தொண்டையிலுமே தங்கிவிடும். ஸ்டீராய்டு மருந்தென்றால் இழுத்த பின் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லையென்றால் வாயில் வெள்ளை படரும். இதை நோயாளிக்கு ஆற அமரச் சொல்லித்தர டாக்டருக்கு நேரம் கிடைப்பதில்லை, நர்ஸ்தான் சொல்ல வேண்டும், ஆனால் படிப்பு முடியும் வரை ஒரு இன்ஹேலரைக் கையில் எடுத்து அழுத்திப் பார்க்காத பிள்ளைகளை நான் பார்க்கிறேன். ஒவ்வொரு நர்சிங் கல்லூரியிலும் மருந்தில்லாத பயிற்சி இன்ஹேலர்கள் சிலவும் ஒரு ஸ்பேசரும் (ஸ்பிரே இன்ஹேலரோடு மாட்டி மூச்சிழுக்கும் கூடு) வாங்கி வைத்து, செய்து காட்டினால்தான் மார்க் என்று வைக்க வேண்டும். நோயாளியை "காட்டுங்க அப்பத்தா, நீங்க எப்படி இழுக்கிறீங்கன்னு பார்ப்போம்" என்று செய்யச் சொல்லிப் பார்ப்பதையும் அதே தேர்வில் சேர்க்க வேண்டும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இரண்டு வகை இன்ஹேலருக்கும் படத்தோடு, பெரிய எழுத்தில், தமிழில் அரைப்பக்கம் போடுங்கள். வெட்டி எடுத்து வார்டுச் சுவரில் ஒட்டிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு செவிலியர்,
காரைக்குடி