அந்த ஒரு சொல்லை மாற்று, மகள்

திருகோணமலை

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய ஆய்வு முன்னுரையில் ஒரு சொல் இடறுகிறது. ‘இந்த அத்தியாயத்தில் நான் இன்னது என்று பொன்டிஃபிகேட் (pontificate) பண்ணுகிறேன்’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறாய். கருத்தை அடித்துச் சொல்வது என்ற பொருளை நம்பிப் போட்டிருப்பாய். அந்தச் சொல்லோடு ஒரு நக்கலும் ஒட்டிக்கொண்டு வரும்.

பழைய ரோமாபுரியின் தலைமைக் குருக்களுக்குப் பொன்டிஃபெக்ஸ் என்று பெயர். ‘பாலம் கட்டுகிறவர்’ என்று பொருள் சொல்வார்கள். பின்னாளில் ஆயருக்கும் பாப்பரசருக்கும் அந்த வேரிலிருந்து பெயர் வந்தது. ஆயர் தலைமையேற்றுத் திருப்பலி நிறைவேற்றுவதையும் இதே வினைச்சொல் குறிக்கும்; அங்கே நக்கல் இல்லை. எங்கட புனித மரியாள் பேராலயத்தில் ஆயர் முடியும் செங்கோலுமாய் நிற்கும் கோலத்தை நினைத்துப் பார். அதே தோரணையில் ஒருவர் தேத்தண்ணிக் கடை வாங்கிலில் இருந்து உலகத்துக்கே தீர்ப்புச் சொன்னால், அதுதான் இன்றைய பொருள். 1870இல் முதலாம் வத்திக்கான் சங்கம் பாப்பரசரின் வழுவாமையைக்கூட விசுவாசம், ஒழுக்கம் என்று எல்லை கட்டித்தான் அறிவித்தது. வாங்கில்காரருக்கு எல்லையே இல்லை!

வாடைக்காலத்தில் உப்புவெளிக் கரையில் ஒரு மீனவர், “இண்டைக்குக் கடல் சரியில்லை, இறங்காதீங்க” என்று அடித்துச் சொன்னால் அது இன்சிஸ்ட் (insist). கடலில் கால் நனைக்காதவர் நீரோட்டம் பற்றி அரை மணித்தியாலம் அளந்தால் பொன்டிஃபிகேட். விஷயம் தெரிந்த பேராசிரியரும் மற்றவரை வாய் திறக்கவிடாமல் வேதவாக்காய்ப் பொழிந்தால் அவருக்கும் இது பொருந்தும். சொன்னது சரியா பிழையா என்பதல்ல, சொன்ன தோரணைதான் இங்கே குற்றம். ஆகவே இது பெரும்பாலும் பிறரைச் சொல்லும் சொல். தன்னைச் சொன்னால் பகிடிக்கு மட்டும்.

இலக்கணமும் உதைக்கிறது. பொன்டிஃபிகேட்டுக்குப் பின்னால் ‘எபௌட்’ (about) அல்லது ‘ஒன்’ (on) வரும். நீ போட்ட ‘தட்’ (that, ‘என்று’) அரிது. அசேர்ட் (assert, உறுதியாகச் சொல்வது), ஆர்கியூ (argue, காரணம் காட்டி வாதிடுவது), மெயின்டெய்ன் (maintain, தன் கருத்தில் நிற்பது) மூன்றும் ‘தட்’டை இயல்பாக ஏற்கும். இன்சிஸ்ட்டில் கவனம். ‘உண்மை இதுதான்’ என்று நிற்கும்போது ‘தட்’டுக்குப் பின் ‘ஹீ கோஸ்’ (he goes). ‘அவன் போயே ஆகவேண்டும்’ என்று வற்புறுத்தும்போது ‘ஹீ கோ’ (he go) அல்லது ‘ஹீ ஷுட் கோ’ (he should go).

வாய்மொழித் தேர்வில் உச்சரிக்க நேர்ந்தால் அழுத்தம் ‘டி’யில். முடிவு ‘கேட்’ என்றால் வினை; ‘கட்’ என்றால் பாப்பரசரின் ஆட்சிக்காலம். எழுத்து இரண்டுக்கும் ஒன்றே.

உன் வசனத்துக்கு ஆர்கியூ போடு. அசேர்ட் என்றால் ஆதாரம் இல்லாமல் சொல்லிவிட்டுப் போகிற தொனி வரும். நீயோ மூன்று அட்டவணை வைத்திருக்கிறாய். 14ஆம் பக்கத்தில் உன்னோடு முரண்படும் ஆய்வாளருக்கும் இதே பொன்டிஃபிகேட்டைப் போட்டிருக்கிறாய். அவரும் ஆதாரம் காட்டித்தான் பேசுகிறார்; நக்கல் உன் பக்கமே திரும்பும். அங்கே மெயின்டெய்ன் போதும்.

திருத்தியதும் அனுப்பு. அம்மா சுகம் கேட்டாள்.

அன்புடன்,
அப்பா