தார்சியா: மரத்துக்குள் மரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இத்தாலிய மேசைகளைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, அவற்றின் மேலிருக்கும் படங்களைச் ‘செதுக்கி வண்ணம் தீட்டியவை’ என்கிறது. அவை தார்சியா என்னும் மரப்பதிப்பு வேலை. தார்சியாவில் செதுக்கலும் இல்லை, தூரிகையும் இல்லை. வெவ்வேறு மரங்களின் மெல்லிய தகடுகளை வெட்டி, ஒன்றின் வாயில் இன்னொன்றைப் பொருத்துவதுதான் வேலை. இத்தாலியின் உர்பினோ நகர அரண்மனையில் 1476இல் முடிந்த சிற்றறையில் பாதி திறந்த அலமாரிக் கதவுகளும் புத்தகங்களும் நிஜம்போலத் தெரிவது இப்படித்தான். வால்நட், பேரி, மேப்பிள் என்று மரத்தின் சொந்த நிறமே பெரும்பாலும் போதும். சாயமேற்றிய மரமும் உண்டு. ஆனால் அக்காலப் பச்சைகள் சிலவற்றில் இருப்பது பூஞ்சை படர்ந்து தானே நிறம் மாறிய மரம்!

கட்டுரை தொடாமல் விட்டது வெட்டும் கணக்கை. கறுப்புத் தகட்டையும் வெள்ளைத் தகட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நேராக அறுத்தால் இரண்டு படங்கள் கிடைக்கும், ஒன்றுக்கொன்று நேர் எதிர் நிறத்தில். ஆனால் ரம்பம் தின்ற அளவுக்கு இடைவெளி நிற்கும். அந்தக் கோடே தெரியக் கூடாதென்றால் சாய்த்து அறுக்க வேண்டும். தகடு 0.9 மி.மீ., ரம்பம் தின்பது 0.2 மி.மீ. என்றால் சாய்வு சுமார் 13 டிகிரி. மேல்தகட்டுத் துண்டு கீழ்த்தகட்டுத் துளையில் இறங்கி இறுகிவிடும். கிடைப்பது ஒரே படம்தான். அறுக்கும் திசையை இடையில் மாற்றினால் சாய்வும் மாறிவிடும். துண்டு இறுகாது, தொளதொளக்கும்.

நிழல் விழும் இடத்துக்கு வாணலியில் சுடும் நுண்மணலில் துண்டின் ஓரத்தைச் சில விநாடிகள் செருகுவார்கள். கருமை தகட்டின் முழுக் கனத்துக்கும் இறங்க வேண்டும். இல்லையென்றால், ஒட்டிய பிறகு மேற்பரப்பைச் சுரண்டிச் சமன்படுத்தும்போது நிழலும் சேர்ந்து போய்விடும். கூடுதலாகச் சுட்டாலோ ஓரம் பொடியாகும். சூட்டில் துண்டு சுருங்குவதால், லேசாக ஈரம் காட்டிப் பழைய அளவுக்குக் கொண்டுவந்த பிறகே பொருத்த வேண்டும்.

ஒட்டுவதற்குப் பழைய பசை வஜ்ஜிரம், அதாவது விலங்குத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பது. குளிர்ந்த நீரில் ஊறவைத்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துச் சுமார் 60 டிகிரியில் உருக்க வேண்டும். கொதிக்கவிட்டால் பிடிப்பு போய்விடும். பலகையின் ஒரு முகத்தில் மட்டும் தகடு ஒட்டினால் பலகை வளையும். பின்புறமும் ஒரு தகடு வேண்டும், அது எவ்வளவு சாதாரண மரமாக இருந்தாலும் சரி.

பழைய தார்சியாவை ஈரத்துணியால் துடைக்கலாம் என்று அக்கட்டுரை சொல்லும் யோசனையைத் தயவுசெய்து திருத்தி வெளியிடுங்கள். வஜ்ஜிரம் ஈரத்தில் இளகும். துண்டுகள் உப்பிக் கழலும். உலர்ந்த மென்துணி போதும். தட்டிப் பார்த்து எங்காவது பொள்ளல் ஒலி கேட்டால், அங்கே துணியைக்கூடக் கொண்டுபோக வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்