வினாடி வினாவில் காரணத்துக்கும் இடம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிப்ரவரி 28ஆம் நாள் தேசிய அறிவியல் நாளை ஒட்டி ஈரோடு, திருப்பூர், கோவை, நாமக்கல் மாவட்டப் பள்ளிகளில் அறிவியல் வினாடி வினாப் போட்டிகள் நடக்கவிருக்கும் இவ்வேளையில், அவற்றை நடத்துவோருக்கும் தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தைத் தயாரிப்போருக்கும் ஒரு வேண்டுகோள் வைக்கவே இதை எழுதுகிறேன். விடையைச் சொல்வதோடு, அந்த விடை எப்படித் தெரியவந்தது என்பதையும் சொல்ல வேண்டும். விடையை மறுத்துப் பேச நினைக்கும் பிள்ளைக்கு இரண்டு நிமிடமாவது தர வேண்டும். என் வேண்டுகோள் இவ்வளவுதான். அதற்கான காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன்.

சென்ற ஆண்டு எங்கள் பகுதியில் நடந்த ஒரு போட்டிக்குப் பார்வையாளனாகப் போயிருந்தேன். இரண்டாம் சுற்றில், ‘பூமிக்கு மிக அருகில் உள்ள கோள் எது?’ என்று கேட்டார்கள். எட்டாம் வகுப்பு படிக்கும் ஒரு சிறுமி எழுந்து, ஒலிவாங்கியை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு, “எந்தத் தேதியிலுங்க சார்?” என்று கேட்டாள். அரங்கம் சிரித்தது. நடத்துநர் மணியை அடித்து, ‘விடை தெரியவில்லை’ என்று அறிவித்து, அடுத்த அணிக்குக் கேள்வியை மாற்றினார். அந்த அணி ‘வெள்ளி’ என்று சொல்லிப் பத்து மதிப்பெண் பெற்றது. அந்தப் பெண் உட்கார்ந்த பிறகு போட்டி முடியும்வரை வாயே திறக்கவில்லை. நானும் அன்றைக்கு எழுந்து எதுவும் சொல்லவில்லை என்பது இன்றுவரை என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது.

அன்று அந்த அரங்கில் கேட்கப்பட்டவற்றிலேயே மிகச் சிறந்த கேள்வி அவள் கேட்டதுதான். வெள்ளி நமக்கும் சூரியனுக்கும் நடுவே வரும்போது சுமார் 4 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. வேறெந்தக் கோளும் அவ்வளவு நெருங்கி வருவதில்லை என்பதால் விடைக்குறிப்பில் இருந்தது ஒரு வகையில் சரிதான். ஆனால் அதே வெள்ளி, சுற்றிக்கொண்டே போய்ச் சூரியனுக்கு அந்தப் பக்கம் நிற்கும்போது நம்மிடமிருந்து 25 கோடி கிலோமீட்டருக்கும் மேல் விலகிவிடுகிறது. புதன் சூரியனை ஒட்டிச் சிறிய பாதையில் சுற்றுவதால், வெள்ளியைப் போல ஒருநாள் மிக அருகிலும் மற்றொரு நாள் மிகத் தொலைவிலும் போவதில்லை. நெடுங்காலச் சராசரியை எடுத்துப் பார்த்தால் பூமிக்கு மிக அருகில் இருக்கும் கோள் புதன்தான். ஆகவே ‘எந்தத் தேதியில்?’ என்று கேட்காமல் அந்தக் கேள்விக்கு முழுமையாக விடை சொல்லவே முடியாது. கோள்கள் ஓரிடத்தில் நிற்பவை அல்ல என்பதை மனத்தில் வைத்துக் கேட்ட பிள்ளைக்கு மதிப்பெண் இல்லை. அதை நினைத்துப் பார்க்காமல் மனப்பாடமாகச் சொன்னவர்களுக்குப் பத்து மதிப்பெண்.

இதை நான் இவ்வளவு அழுத்தமாகச் சொல்வதற்கு எங்கள் ஞாயிற்றுக்கிழமைப் பழக்கமும் ஒரு காரணம். சென்னிமலையில் நாங்கள் ஏழெட்டுப் பேர் பல ஆண்டுகளாக ஞாயிறு மாலைகளில் ஒரு நண்பரின் வீட்டுத் திண்ணையில் கூடி, அறிவியல் கேள்விகளை ஒருவரிடம் ஒருவர் கேட்டுக்கொள்கிறோம். தறி வைத்திருப்பவர், மருந்துக்கடைக்காரர், ஓய்வு பெற்ற அஞ்சலக ஊழியர், கவுந்தப்பாடிப் பக்கம் கரும்பு வைத்து நாட்டுச் சர்க்கரை காய்ச்சுபவர், இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற நான் எனப் பல தொழில்காரர்கள். பரிசு, மதிப்பெண் எதுவும் கிடையாது. ஒரே ஒரு விதி உண்டு. யார் விடை சொன்னாலும் மற்றவர்கள் “அது எப்படித் தெரியுமுங்க?” என்று கேட்பார்கள். விடை சொன்னவரோ கேள்வி கேட்டவரோ அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். முடியாவிட்டால் கேள்வி அடுத்த ஞாயிறுக்குப் போகும். சில கேள்விகள் மாதக்கணக்கில் போயிருக்கின்றன.

அவற்றில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். ‘நம் ஊரில் சூரியன் ஆண்டுக்கு எத்தனை நாள் தலைக்கு நேர் மேலே வரும்?’ என்று அஞ்சலக நண்பர் ஒருமுறை கேட்டார். தினமும் உச்சிவேளையில் வருகிறதே என்று பெரும்பாலோர் சொன்னார்கள். விடை இரண்டே நாள். சூரியன் வடக்கும் தெற்குமாகக் கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் இடையே போய்வருவதால், இடைப்பட்ட ஊர்களுக்கு நேர் மேலாக ஆண்டில் இருமுறை மட்டுமே வரும். கடக ரேகைக்கு வடக்கே இருக்கும் டெல்லிக்கு ஒருநாளும் வராது. சென்னிமலை ஏறத்தாழ 11 பாகை வட அட்சத்தில் இருப்பதால் எங்களுக்கு அந்த நாள்கள் ஏப்ரல் 19 வாக்கிலும் ஆகஸ்ட் 24 வாக்கிலும் வருகின்றன. புத்தகத்தில் இருப்பதைச் சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் தறிக்காரர் விடவில்லை, “எப்படித் தெரியுமுங்க?” என்றார். ஏப்ரல் வரைக்கும் காத்திருந்தோம். அவர் வீட்டு மொட்டை மாடியில் ஒரு முழ நீள இரும்புக் குழாய்த் துண்டை நிறுத்தி, கொத்தனாரிடம் வாங்கி வந்த ரசமட்டத்தை வைத்துச் சாய்வு இல்லாமல் பார்த்துக்கொண்டோம். பன்னிரண்டு மணி அடித்தபோது குழாயின் மேற்குப் பக்கம் இரண்டு விரற்கடை அளவுக்கு நிழல் இருந்தது. விடை பொய்த்துவிட்டது என்றே சிலர் கீழே இறங்கப் போனார்கள். அது ஒவ்வொரு நிமிடமும் சுருங்கிச் சுருங்கி, 12 மணி 19 நிமிடத்தை ஒட்டிக் குழாயின் அடியிலேயே போய் ஒளிந்துகொண்டது. குழாய்க்குள் எட்டிப் பார்த்தால் அடித்தரையில் வெயில் வட்டமாக விழுந்திருந்தது.

அந்த 19 நிமிடத்திலிருந்து அடுத்த கேள்வி பிறந்தது. நம் கடிகாரங்கள் காட்டும் இந்திய நேரம் கிழக்குத் தீர்க்கரேகை 82.5 பாகையைக் கொண்டு கணக்கிடப்படுவது. சென்னிமலை அதற்கு மேற்கே ஏறத்தாழ 5 பாகை தள்ளி இருக்கிறது. பூமி ஒரு பாகை திரும்ப 4 நிமிடம் ஆவதால் எங்கள் உச்சிவேளை ஏறக்குறைய 20 நிமிடம் பிந்தி வருகிறது. இதை எத்தனையோ ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். அந்த மாடியில் காலைப் பொசுக்கும் தரையில் நின்றபோதுதான் அது எனக்கே முழுதாகப் புரிந்தது.

இப்படிப்பட்ட கேள்விகளுக்கு நம் கொங்கு நாட்டில் பஞ்சமே இல்லை. 1912இல் கரும்பு இனப்பெருக்க நிலையத்தைக் கோயம்புத்தூரில் அமைத்தது ஏன் என்று கேட்டால், மண் வளம், தண்ணீர் வசதி என்றே பலரும் சொல்வார்கள். உண்மையான காரணம், கோவையின் தட்பவெப்பத்தில் கரும்பு நன்றாகப் பூத்து விதை கட்டுகிறது என்பது. கரணை வைத்தே கரும்பு நடுகிற நமக்கு அது பூக்கும் என்பதே நினைவில் வருவதில்லை. பூத்த கரும்பு நாளாக ஆகச் சக்கை தட்டிவிடும் என்பதால் பூவைக் கண்டாலே கவலைதான் என்றார் எங்கள் கவுந்தப்பாடி நண்பர். ஆனால் இரண்டு இனங்களைக் கலந்து புது இனம் உண்டாக்கப் பூவும் விதையும் இல்லாமல் முடியாது. நாம் பயிரிடும் கரும்பையும் காட்டுக் கரும்பினத்தையும் கலந்து அங்கே உருவாக்கிய கோ 205 என்ற இரகம் 1918இல் வெளிவந்து வட இந்தியக் கரும்பு வேளாண்மையையே மாற்றியது. ‘கோ’ என்பது கோயம்புத்தூரைக் குறிக்கிறது என்பதோடு கேள்வியை முடித்துக்கொண்டால் இத்தனையும் விடுபட்டுப் போகும்.

அதேபோல, உதகைக்கு அருகே முத்தோரையில் 1970இல் நிறுவப்பட்ட ரேடியோ தொலைநோக்கியின் நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர் என்று மாணவர்கள் ஒப்பிப்பதைக் கேட்டிருக்கிறேன். அதை ஏன் சமதளத்தில் கட்டாமல் ஒரு மலைச்சரிவில் கட்டினார்கள் என்று கேட்டுப் பாருங்கள். அந்தச் சரிவு தெற்கு வடக்காக ஏறத்தாழ 11 பாகை சாய்ந்திருக்கிறது. அந்த இடத்தின் அட்சமும் அதுவே. அதனால் தொலைநோக்கியின் நீள அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிட, அந்த ஓர் அச்சில் திருப்பினாலே வானில் நகரும் ஒரு பொருளை மணிக்கணக்கில் பின்தொடர முடிகிறது. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலைப் பாறைகளை அரைத்துத்தான் சந்திரயான்-2 சோதனைகளுக்கான செயற்கை நிலவு மண்ணைத் தயாரித்தார்கள் என்பதும் இந்த வகைதான். நிலவின் மேட்டு நிலங்கள் அனார்த்தோசைட் என்ற வெளிர்நிறப் பாறையால் ஆனவை, அதே வகைப் பாறை நம் ஊரில் கிடைக்கிறது என்ற காரணத்தையும் சேர்த்துச் சொன்னால், பரமத்தி வேலூர்ப் பக்கத்துப் பிள்ளை தன் காலடிக் கல்லைக் குனிந்து பார்க்கும்.

காரணம் தெரியாமல் விடையை மட்டும் வைத்திருப்பதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. மனித உயிரணுவில் 48 குரோமோசோம்கள் இருக்கின்றன என்று 1920களில் எண்ணிச் சொன்னதை உலகமே முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அப்படியே திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தது. அவை 46 என்பதை ஜோ ஹின் ட்ஜியோ, ஆல்பர்ட் லெவான் இருவரும் 1956இல் வெளியிட்ட பிறகே அது திருந்தியது. அந்த இடைக்காலத்தில் ஒரு வினாடி வினாவில் 46 என்று சொல்லியிருந்தால் மதிப்பெண் கிடைத்திருக்காது. சனிக் கோளின் நிலவுகள் எத்தனை என்ற கேள்வியும் அப்படியே. 2025 மார்ச்சில் ஒரே முறையில் 128 புதிய நிலவுகள் அங்கீகரிக்கப்பட்டு எண்ணிக்கை 274 ஆகிவிட்டது. கடைகளில் விற்கும் பொது அறிவுப் புத்தகங்களில் பழைய எண்களே இன்னும் அச்சாகி வருகின்றன. எந்த ஆண்டுக் கணக்கு என்பதைச் சொல்லாத விடைக்குறிப்பை நம்பி ஒரு பிள்ளையைத் தோற்றவளாக அறிவிப்பது எந்த வகையில் நியாயம்?

நினைவாற்றலை நான் குறைத்துச் சொல்வதாக யாரும் எண்ணிவிடக் கூடாது. வாய்ப்பாடு தெரியாதவன் கணக்குப் போட முடியாது. தனிம அட்டவணையை நினைவில் வைத்திருப்பவருக்கு வேதியியல் எளிதாக வசப்படும். எங்கள் மருந்துக்கடை நண்பர் அணு எண்களை மூச்சுவிடாமல் சொல்வதைக் கேட்பதே ஒரு மகிழ்ச்சி. ஐம்பது அணிகளை ஒரே பகலில் நடத்தி முடிக்க வேண்டிய ஆசிரியர்களின் சிரமமும் எனக்குத் தெரியும்; நானும் அந்த மேடையில் மணியடித்தவன்தான்.

அதனால்தான் நடக்கக்கூடியதை மட்டும் கேட்கிறேன். தொடக்கச் சுற்றுகள் இப்போது போலவே வேகமாக நடக்கட்டும். இறுதிச் சுற்றில் மட்டுமாவது விடைக்குப் பாதி மதிப்பெண்ணும் காரணத்துக்குப் பாதி மதிப்பெண்ணும் தரலாம். விடைக்குறிப்போடு ஒத்துப்போகாத பதிலை உடனே தள்ளிவிடாமல், “ஏன் அப்படிச் சொல்கிறாய்?” என்று ஒருமுறை கேட்கலாம், அதற்குத் தீர்ப்புச் சொல்லப் பாடம் தெரிந்த ஓர் ஆசிரியரை மேடைக்குப் பக்கத்திலேயே உட்கார வைக்கலாம். முடிந்தால் ஒரு கேள்வியையாவது செய்து காட்டும் கேள்வியாக வைக்கலாம். மஞ்சளுக்குப் பேர்போன ஈரோட்டில், ஆரத்தித் தண்ணீர் ஏன் சிவக்கிறது என்று கேட்டுவிட்டு, மஞ்சள் கரைத்த நீரில் துளி சுண்ணாம்பைப் போட்டுச் சிவக்க வைத்து, பிறகு அதிலேயே எலுமிச்சையைப் பிழிந்து மீண்டும் மஞ்சளாக்கிக் காட்ட அரை நிமிடம்கூட ஆகாது. காரத்தில் சிவந்து அமிலத்தில் பழைய நிறத்துக்குத் திரும்பும் நிறங்காட்டி அது என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் வாரந்தோறும் இருபது கேள்விகளும் அவற்றுக்கு ஒற்றைச் சொல் விடைகளும் வருகின்றன. அவற்றை ஐந்தாகக் குறைத்து, ஒவ்வொன்றுக்கும் நான்கு வரியில் காரணத்தையும், மாறக்கூடிய எண்ணாக இருந்தால் எந்த ஆண்டு நிலவரம் என்பதையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். தேசிய அறிவியல் நாள் அறிவியலாளர் சர் சி. வி. இராமனின் பிறந்தநாள் என்று எழுதும் மாணவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர் பிறந்தது நவம்பர் 7. பிப்ரவரி 28 என்பது 1928இல் இராமன் விளைவு கண்டறியப்பட்ட நாள். அன்றைய பக்கத்தில் அந்த விளைவு என்ன என்பதற்கு நான்கு வரி ஒதுக்கினால், அதற்குப் பக்கத்திலேயே ‘பூமிக்கு மிக அருகில் உள்ள கோள் எது, எந்தத் தேதியில்?’ என்ற கேள்வியையும் வெளியிட வேண்டுகிறேன். அதைக் கேட்ட சிறுமி இப்போது ஒன்பதாம் வகுப்பு. அவள் வீட்டிலும் தங்கள் நாளிதழ்தான் வாங்குகிறார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர்,
சென்னிமலை, ஈரோடு மாவட்டம்.