இருக்க இடமிருந்தும் இருக்க முடியவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

35 வருடமாகக் கதிரையும் வாங்கும் செய்து பிழைக்கும் ஓடாவி நான். போன மாதம் அம்மாவை எங்கள் பக்கத்து வைத்தியசாலை ஒன்றின் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். புது இரும்புக் கதிரைகள், நான்கு நான்காகச் சேர்த்து நிலத்தோடு பூட்டியிருக்கிறார்கள். பளபளப்புக்குக் குறைவில்லை. சாணால் அளந்தேன்: உயரம் இரண்டு சாண், அதாவது 18 அங்குலம். அம்மா ஐந்தடிக்கும் குறைவு. கால் நிலத்தில் படவில்லை, முதுகு சாய்வில் முட்டவில்லை. அரை மணித்தியாலத்தில் கால் விறைத்துவிட, இறங்கிச் சுவரோரம் சப்பாணி கட்டி இருந்துவிட்டார். வீட்டிலும் சரி, மட்டக்களப்பு மாமாங்கக் கோயில் தீர்த்தத்துக்குப் போனாலும் சரி, அவர் இருப்பது அப்படித்தான். ஊழியர் ஒருவர் வந்து, "கதிரையில ஏறி இருங்கம்மா" என்றார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

உடம்பு பெருத்த தங்கச்சி ஒருவர் இரண்டு கைப்பிடிக்கும் இடையில் நுழைய முடியாமல் கடைசிவரை நின்றார். சக்கர நாற்காலியில் வந்த ஐயாவை நடைவழியில் விட்டிருந்தார்கள். போகிறவர் வருகிறவரெல்லாம் அவர் காலில் இடித்தார்கள். மனைவி எங்கோ பின்வரிசையில்.

கைப்பிடியே வேண்டாம் என்று சொல்லவில்லை. முழங்கால் நோவுள்ளவர் அதை ஊன்றித்தான் எழும்புவார். அதனால் அது முன்விளிம்பு வரை வர வேண்டும். பாரிசவாதம் வந்தவருக்கு நல்ல கை இருக்கும் பக்கம் பிடி வேண்டும். இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. பாதத்தைப் பின்னுக்கு இழுத்தால்தான் எழும்பலாம். பஸ் தரிப்பிடங்களில் கட்டும் சீமெந்துக் குந்துகளின் முன்பக்கத்தை அடைத்துவிட்டால் பாதம் எங்கே போகும்? சந்தேகமென்றால் காலை முன்னுக்கு நீட்டிக்கொண்டு எழும்பிப் பாருங்கள்.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்க 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. 2006இல் பொதுக் கட்டடங்களுக்கான அணுகு வசதி ஒழுங்குவிதிகளும் வந்தன. சாய்தளம் கட்டுகிறார்கள். சரி, ஏறி வந்தவர் எங்கே இருப்பது?

40 கதிரை வாங்கினால் அத்தனையும் ஒரே உயரத்தில் எதற்கு? சிலதை 15 அங்குலத்துக்கு இறக்கலாம். இரண்டு மூன்று வாங்கு கைப்பிடியில்லாமல் அகலமாக இருக்கட்டும். வரிசை நடுவே 3 அடி வெறுமையாக விட்டால் ஐயாவும் மனைவியும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பார்கள். கதிரைக் காசும் மிச்சம். சுவரோரம் ஓரடி உயரத்தில் அகலமான பலகைத் திண்ணையும், பிடித்தெழும்ப ஒரு கம்பியும் போட்டால் அம்மா போன்றவர்கள் காலை மடித்து இருப்பார்கள். பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தாய்மாருக்கும் அது வசதி.

விலைமனுக் கோரும்போது 'கதிரை 40' என்று ஒரே வரியில் முடிக்காமல் உயரம், அகலம், கைப்பிடி என்று பிரித்து எழுதுங்கள். அந்த அளவுக்கு நாங்கள் செய்து தருவோம்.

ஓர் ஓடாவி,
களுவாஞ்சிகுடி.