பான் பிரிபினா மீது இல்லாத பழி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த குரோவேஷியப் பயணக் கட்டுரை, சாக்ரெப் நகரின் நடுச் சதுக்கத்தில் குதிரைமேல் நிற்கும் 19-ஆம் நூற்றாண்டு பான் யெலாச்சிச்சைத் தாராளமாகப் புகழ்ந்துவிட்டு, அதே பதவியைப் பல நூற்றாண்டுகளுக்கு முன் வகித்த பிரிபினாவை அரியணைக்கு ஆசைப்பட்டு அரசனைக் கொன்றவர் என்று போகிற போக்கில் தீர்த்துவிடுகிறது. அரசனுக்கு அடுத்த நிலையில் இருந்த ஆளுநரே பான். பிரிபினா குரோவேஷிய அரசன் மிரோஸ்லாவைக் கொன்றார் என்பதில் தகராறு இல்லை. அரியணை ஆசைக்குத்தான் ஆதாரம் கிடையாது.

அவரைப் பற்றிய சமகாலச் சான்று, பைசாந்தியப் பேரரசர் ஏழாம் கான்ஸ்டன்டைன் தம் மகன் ரோமானோசுக்காக 950-ஐ ஒட்டித் தொகுத்த அரசியல் கையேட்டின் 31-ஆம் அதிகாரத்தில் வருகிறது. அந்தப் பகுதி பிரிபினாவின் கதையைச் சொல்ல வந்ததன்று, அது படைக்கணக்கு. 60,000 குதிரைவீரர், 1,00,000 காலாட்கள், தலா 40 பேர் ஏறும் 80 பெரிய கலங்கள், 100 சிறு கலங்கள் என்று குரோவேஷியாவின் பலத்தை அடுக்கிவிட்டு (இந்த எண்களை வரலாற்றாசிரியர் பலர் நம்புவதில்லை, அத்தனை குதிரைகளுக்கும் அந்நாடு தீனி போட்டிருக்கும் என்று நானும் நம்பவில்லை), அரசன் கிரெசிமிர் இறந்து, நான்காண்டுகள் ஆண்ட அவர் மகன் மிரோஸ்லாவ் பான் பிரிபினாவால் ஒழிக்கப்பட்டு, நாட்டில் பூசல்கள் மூண்டபின் அப்பலம் குன்றிப்போனது என்கிறது. காரணம் என்னவென்று ஒரு சொல்கூட இல்லை.

முந்தைய அதிகாரமோ, நாட்டின் 11 மாவட்டங்களைச் சொன்னபின், கிர்பாவா, லிகா, காட்ஸ்கா ஆகிய மூன்றும் பானின் ஆட்சியில் இருந்தன என்று தனியே குறிப்பிடுகிறது. அரச குடும்பச் சண்டையில் யார் பக்கம் சாய்ந்தாலும் தராசைத் திருப்பக்கூடிய அதிகாரம் அது. 949 அளவில் நடந்த அந்தக் கொலைக்குப்பின் முடிசூடியவர் பிரிபினா அல்லர், மிரோஸ்லாவின் தம்பியாகக் கருதப்படும் மிகாயில் கிரெசிமிர். அவருக்காகவே பான் அதைச் செய்தார் என்று ஆய்வாளர் சிலர் ஊகிக்கிறார்கள். அதுவும் ஊகம்தான், ஆனால் கட்டுரையாளரின் ஊகத்தைவிடப் பொருத்தமானது.

கட்டுரை நூலாக வரும்போது, மிரோஸ்லாவைக் கொன்ற பான் என்பதோடு அந்த வரியை நிறுத்திக்கொள்ளுமாறு அவரிடம் தெரிவிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி